பிள்ளைங்க விளையாடுற கிளப்கிட்ட பெத்தவங்க என்னென்ன கேட்கலாம்?

தவில்காரர் (சாட்ஸ்வொர்த்):

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு 11 வயசு. பக்கத்து மைதானத்துல ஒரு கிளப்ல சாக்கர் ஆடுறா. கோச் நல்ல மனுஷன். சம்பளம் கிடையாது, வேலை முடிஞ்சு நேரா மைதானத்துக்கு வந்துடுவார். பிள்ளைங்க அவர் மேல உயிரையே வச்சிருக்குதுங்க. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த மாசம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ரெண்டு நாள் போட்டி. வாட்ஸ்அப்ல தகவல் வந்துச்சு. பிள்ளைங்க கோச்சோட பக்கியிலயும் (பின்னாடி சரக்கு ஏத்துற சின்ன வண்டி) இன்னொருத்தர் கார்லயும் வருவாங்க, ராத்திரி ஒரு ஹால்ல படுக்கை, கூடப் போறது ரெண்டு ஆம்பளைங்க. போறது எல்லாம் பொம்பளைப் பிள்ளைங்க. நான் குழுவுலயே கேட்டேன்: பொம்பளை ஆள் ஒருத்தராவது கூட வர்றாங்களா? பக்கிக்குப் பின்னாடி யார் உட்காரப் போறாங்க? அடிபட்டா எந்த ஆஸ்பத்திரி? ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் செயற்குழு ஆள் ஒருத்தர், "இத்தனை வருஷமா கிளப் நடத்துறோம், இப்படி யாரும் கேட்டதில்லை"ன்னு போட்டார். அதுக்குக் கீழ வரிசையா கட்டைவிரல்.

வீட்ல மாமனாருக்கும் கோபம். சின்ன வயசுல அந்தக் கிளப்புக்கு ஆடினவர் அவர். "அவங்களைச் சந்தேகப்படுறியா?"ன்னார். சந்தேகம் இல்லை மாமா, கேள்விதான்னேன். ரெண்டும் ஒண்ணுதான்னுட்டுப் போயிட்டார்.

எந்தக் கிளப்புன்னு யாரும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். இங்க தென்னாப்பிரிக்காவுல இதுக்கெல்லாம் சட்டம் இருக்கா, இல்லை எல்லாம் நம்பிக்கை மேலதானா? அதை மட்டும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஃபீனிக்ஸ் அக்கா:

தம்பி, சட்டம் இருக்கிறது. சமூகப் பணியில் இருப்பதால் தினமும் அதோடுதான் என் பிழைப்பு.

முதலாவது, 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் பாலியல் குற்றச் சட்டத் திருத்தம். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு அதன் கீழ்தான் வந்தது. அரசின் நீதி அமைச்சகம் அதை வைத்திருக்கிறது. யார் யார் தங்கள் ஆட்களைப் பற்றி அதில் விசாரித்தாக வேண்டும் என்று சொல்லும் இடத்தில் "விளையாட்டுக் கிளப்" என்றே எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வாங்காமல் உதவி செய்பவரும் அதற்குள் அடக்கம். "நாங்கள் தொண்டு செய்கிறோம், எங்களுக்கு அது பொருந்தாது" என்று உங்கள் செயற்குழு சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டம். சமூக மேம்பாட்டுத் துறையிடம் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு ஒன்று இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லை என்று நீதிமன்றம் தீர்மானித்தவர்களின் பெயர் அதன் 'பி' பகுதியில் ஏறும். பாலியல் குற்றத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பிள்ளையை அடித்துத் துன்புறுத்தியவர் பெயரும் அதில் வரலாம். இந்த இரண்டு பதிவேடுகளும் வேறு, போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைத்து வாங்கும் நன்னடத்தைச் சான்று வேறு.

மூன்றாவதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளைக்குக் கொடுமை நடந்ததாகத் தோன்றினால் கட்டாயமாகத் தகவல் தர வேண்டியவர்களைக் குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஆசிரியர், டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மதகுரு எல்லாரும் இருக்கிறார்கள், கோச் இல்லை. ஆனால் பாலியல் குற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவு எல்லாரையும் கட்டும். பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே ஒரு குற்றம். 5 வருடம் வரை உள்ளே போகலாம். கிளப் பெயர் கெட்டுவிடும் என்று செயற்குழுவுக்குள் பேசி முடித்துக்கொள்வதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

---

மைதான மாமா (அன்பெய்ட் கோச்):

நானும் கோச்தான். தவில்காரரோட கிளப் இல்லை, வேற இடம். கொஞ்சம் என் பக்கமும் கேளுங்க.

இந்தக் கிளப்புகள் எப்படி வந்துச்சுன்னு புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது. இனம் பார்த்து ஆளுங்களைத் தனித்தனி இடத்துல ஒதுக்கின குரூப் ஏரியாஸ் சட்டத்துல எங்க தாய் தகப்பனை வீட்டை விட்டுக் கிளப்பி டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துல கொண்டாந்து போட்டாங்க. கல் பொறுக்கி, புல் வெட்டி, கோல் போஸ்ட்டு நட்டு ஆட ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்காரன் கிளப்புல எங்களைச் சேர்க்கலை. அந்த மண்ணுல ஆடின மேன்னிங் ரேஞ்சர்ஸ் கிளப்தான் 1996-97ல முதல் பிரீமியர் சாக்கர் லீக்கையே ஜெயிச்சது. இவ்வளவும் ஃபாரம் நிரப்பி நடக்கலை.

இப்போ என்ன நடக்குது? பெத்தவங்க மைதானத்து வாசல்ல பிள்ளையை இறக்கிட்டுக் காரை விட்டு இறங்காமலே போயிடுறாங்க. மாசச் சந்தாவுல பாதி வராது. பந்து, பிப், வலை எல்லாம் எங்க கைக்காசு. இப்போ சர்டிஃபிகேட் வேற. நாளைக்கு ஒருத்தனும் கோச் பண்ண வர மாட்டான். அப்புறம் அந்தப் பிள்ளைங்க எங்க நிக்கும்? தெரு முனையில. அங்க யார் நிக்கிறான்னு உங்களுக்கே தெரியும்.

---

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:

மாமா சொன்ன கடைசி வரி முழுக்க உண்மை. கிளப்பே இல்லாமல் போவதுதான் பிள்ளைக்கு ஆகப்பெரிய ஆபத்து. அதனால் கிளப்பை மூட வைக்கிற மாதிரி யாரும் பேச வேண்டாம்.

ஆனால் அக்காவிடமும் எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. வக்கீல் ஆபீஸில் காலம் தள்ளியவன் நான். சான்றிதழ் கையில் வந்ததும் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். மாட்டியவன் பெயர்தான் பதிவேட்டில் இருக்கும், மாட்டாதவன் பெயர் இருக்காது. பாப் ஹியூவிட் யார்? விம்பிள்டனில் இரட்டையர் பட்டம் வென்றவர். தான் பயிற்சி கொடுத்த சிறுமிகளிடம் 1980களிலும் 90களிலும் செய்ததற்கு 2015இல்தான் தண்டனை பெற்றார். நடுவில் எந்த வருடம் விசாரித்திருந்தாலும் அவர் பெயரில் ஒரு கறையும் இருந்திருக்காது. ஜோகன்னஸ்பர்க் பார்க்டவுன் பாய்ஸ் பள்ளியில் வாட்டர் போலோ உதவிக் கோச்சாக இருந்த காலன் ரெக்ஸ் கதையும் அதேதான். 144 பாலியல் தாக்குதல் குற்றங்கள், 2018இல் 23 வருடச் சிறை. அவரைப் பிடித்துக் கொடுத்தது எந்தக் காகிதமும் இல்லை, விடுதியில் வைத்திருந்த கேமரா.

எனவே தவில்காரரே, சான்றிதழ் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். "என் பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக, வேறு யார் கண்ணிலும் படாமல் இருக்கும் நேரம் எது எது?" அதையும் கேளுங்கள். கார், உடை மாற்றும் அறை, ராத்திரித் தங்கல், தனிப் பயிற்சி, போனில் தனிச் செய்தி. இந்த ஐந்தையும் அடைத்துவிட்டால் கெட்டவனுக்கு வேலை இல்லை. நல்லவன் மீது வீண்பழி விழவும் வழியில்லை.

---

ஃபீனிக்ஸ் அக்கா:

குமாஸ்தா ஐயா, ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்த வழக்குகளில் பெரும்பாலும் முதலில் வந்தது போன் செய்திதான். "இன்றைக்கு நன்றாக ஆடினாய்" என்று தொடங்கும். பிறகு ராத்திரி பத்து மணிக்கு வரும். பிறகு "அம்மாவிடம் சொல்லாதே" என்று வரும். அதனால் பிள்ளைக்குத் தனியாக அனுப்பக் கூடாது, எதுவானாலும் பெற்றோர் இருக்கும் குழுவில்தான் போட வேண்டும். இதற்குக் காசும் ஆகாது, ஃபாரமும் இல்லை மாமா.

---

மைதான மாமா:

போன் விஷயம் சரி. அதை நாளைக்கே செய்யலாம். ஆனா கார் விஷயத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்க.

என் டீம்ல ஒரு பொண்ணு. அம்மா மட்டும்தான். ஆஸ்பத்திரியில ராத்திரி ஷிஃப்ட். பயிற்சி முடியும்போது குளிர்காலத்துல இருட்டிடும். எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க, இது மட்டும் நிக்கும். நான் வீட்டுல கொண்டுபோய் விடுறேன். கார்ல நானும் அதுவும் மட்டும்தான். உங்க சட்டப்படி நான் தப்பு. அப்போ இருட்டுல மைதானத்துல விட்டுட்டுப் போகவா? இல்லை நீ விளையாடவே வராதேன்னு சொல்லவா? கிளப் யாருக்கு ரொம்ப வேணுமோ அந்தப் பிள்ளையைத்தான் உங்க விதி முதல்ல வெளியே தள்ளுது.

---

தவில்காரர் (சாட்ஸ்வொர்த்):

மாமா, இதுக்கு எனக்கும் பதில் தெரியலை. அக்கா?

---

ஃபீனிக்ஸ் அக்கா:

மாமா கேட்டது நியாயமான கேள்வி. இதைக் கோச் ஒருவர் தலையில் கட்டுவதுதான் தப்பு. யார் யாரை எப்போது வீட்டில் விடுவது என்று பெற்றோருக்குள் முறை போட வேண்டும். அந்தப் பக்கம் போகிற வேறொரு வீட்டுப் பிள்ளையும் காரில் இருக்கட்டும். இவளை முதலில் இறக்கிவிட்டு, மற்ற பிள்ளையை அதன் பெற்றோர் ஏற்றிக்கொள்ளும்படி வழி பாருங்கள். ஒன்றுமே முடியாத நாளில் பிள்ளையைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு, புறப்படும்போதும் இறக்கிவிட்டதும் அம்மாவுக்கும் செயலாளருக்கும் ஒரே குழுவில் செய்தி போடுங்கள். பிள்ளையை இருட்டில் விட்டுவிட்டு வருகிறவர் எந்த விதியையும் காப்பாற்றவில்லை.

அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன். ஷிஃப்ட் நாட்களைச் சொன்னால் அதற்கேற்றபடி பயிற்சி நேரத்தை மாற்றவும் முடியலாம்.

---

ஜோபர்க் மதுரைக்காரன்:

இங்க எல்லாரும் ஒரே விஷயத்தைப் பேசுறீங்க, நான் வேற ஒண்ணு கேட்கலாமா? பையன் கிரிக்கெட். போன வாரம் பவுன்சர் ஹெல்மெட்ல பட்டு "டொக்"னு சத்தம். உட்கார்ந்துட்டான். கோச் வந்து ரெண்டு விரலைக் காட்டி எத்தனைன்னார், "ரெண்டு"ன்னான், "சரி ஆடு"ன்னுட்டார். ராத்திரி வாந்தி எடுத்தான். டாக்டர்கிட்ட போனோம், இப்போ பரவாயில்லை. ஆனா கோச்கிட்ட சொன்னா "ஆம்பளைப் பையன் சார், இதெல்லாம் சகஜம்"ங்கிறார். ஊர்லயும் இப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். சகஜமா?

---

கேப்டவுன் பிசியோ:

இல்லைத் தம்பி, சகஜம் இல்லை. ஹெல்மெட் மண்டை ஓட்டைத்தான் காப்பாத்தும், உள்ளுக்குள்ள மூளை அசையிறதை அது நிப்பாட்டாது. நினைவு தப்பினால்தான் கன்கஷன் (அடிபட்டு மூளை குலுங்குறது) என்டு கனபேர் நினைக்கினம். அப்பிடியில்லை, கனபேருக்கு நினைவு தப்புறதே இல்லை. தலைச்சுத்து, வாந்தி, வெளிச்சம் கூசுறது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்கிறது, காரணமில்லாமல் அழுறது, இதில ஒண்டு இருந்தாலும் அண்டைக்கு அந்தப் பிள்ளை திரும்ப மைதானத்துக்குள்ள போகக் கூடாது. அடிபட்டு ஐஞ்சு நிமிசத்தில தெரியாத அறிகுறி இரவில தெரியலாம். விரலைக் காட்டி எண்ணச் சொல்லுறது சோதனையே இல்லை. "இப்ப எந்த மைதானத்தில நிக்கிறாய், போன மேட்ச் ஆரோட ஆடினனீங்கள்" என்டு கேக்கிறதுக்காவது ஒரு அர்த்தம் இருக்கு. அதுக்குச் சரியாப் பதில் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் வெளியிலதான்.

இந்த ஆட்டம் தவறினால் அடுத்த மேட்ச் இருக்கு. முதல் அடி ஆறமுந்தி ரெண்டாவது அடி விழுந்தால் வளருற மூளை சில வேளை தாங்காது. அரிதுதான், ஆனால் நடந்தால் உயிர் போற அளவுக்கு நடக்கும்.

ரக்பியில இந்த நாடு நல்ல காரியம் ஒண்டு செய்திருக்கு. 2009இல போக்ஸ்மார்ட் என்டு ஒரு பாதுகாப்புப் பயிற்சித் திட்டம் தொடங்கினவை. கோச்சும் ரெஃபரியும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அந்தப் பாடத்தைத் திரும்பச் செய்ய வேணும். கழுத்திலயோ தலையிலயோ அடிபட்டால் என்ன செய்யிறது, எப்பிடித் தூக்கக் கூடாது எல்லாம் அதில வரும். இணையத்தில இருக்கிற வாசிப்புகளைக் கிரிக்கெட் கோச்சும் சாக்கர் கோச்சும் படிக்கலாம், தடை ஒண்டும் இல்லை.

இன்னொண்டு: தூக்கி வைக்கிற கோல் போஸ்ட். பிள்ளையள் குறுக்குக் கம்பியில தொங்கும், அது அப்பிடியே சரியும். உலகம் முழுக்கப் பிள்ளையள் இதில செத்திருக்கினம். பின்னால மண் மூட்டை போட வேணும், இல்லாட்டி முளை அடிச்சுக் கட்ட வேணும். மைதானத்துக்குப் போனதும் நான் முதல்ல பாக்கிறது அதைத்தான், ஸ்கோரை இல்லை.

---

மைதான மாமா:

பிசியோ, கோல் போஸ்ட் சங்கதி நான் யோசிச்சதே இல்லை. எங்களோடது கனமான இரும்பு. பிராக்டிஸ் முடிஞ்சதும் சின்னதுங்க அதுல குரங்கு மாதிரி தொங்கும். மண் மூட்டை சனிக்கிழமை போட்டுடறேன்.

---

டோங்காட் ஆயா:

பேரனுக்காக மைதானத்துக்குப் போகிற கிழவி நான். ஒருவரும் பேசாத ஒன்றைச் சொல்லுகிறேன். கோச்சை மட்டும் பார்க்கிறீர்களே, கோட்டுக்கு வெளியே நிற்கிற அப்பாக்களைப் பார்த்தீர்களா? எட்டு வயதுப் பிள்ளை பந்தை விட்டதற்கு என்ன வாய், என்ன வசை! ரெஃபரி பதினைந்து வயதுப் பையன், அவனை அடிக்கப் போகிறார்கள். அந்தப் பையன் இப்போது வருவதே இல்லை. கிளப் முதலில் அந்த அப்பாக்களுக்கு ஒரு கோடு போட்டு அதற்குப் பின்னால் நிறுத்தட்டும்.

பொம்பளை ஆள் இல்லை என்றால் எங்களைக் கேளுங்களேன். ரிட்டையர் ஆன டீச்சர்கள் எத்தனை பேர் வீட்டில் சும்மா இருக்கிறோம். சான்றிதழ் எல்லாம் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தபோதே எடுத்தவர்கள். ஹாலில் ஒரு பாயைப் போட்டுக் கதவோரம் படுத்துக்கொள்வோம். எப்படியும் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

பக்கிக்குப் பின்னால் பிள்ளைகளை ஏற்றாதே. மாரிட்ஸ்பர்க் போகிற என்-3 ரோட்டில் அந்த லாரிகளைப் பார்த்தவர்கள் ஏற்ற மாட்டார்கள்.

---

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:

ஆயா சொன்னதற்குச் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. போக்குவரத்து விதி 250இன்படி, 2017 மே 11 முதல் காசு வாங்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைச் சரக்குப் பகுதியில் ஏற்றக் கூடாது. காசு வாங்காத கோச் அந்த விதியில் வர மாட்டார். அந்த ரோட்டின் கீ ரிட்ஜ் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பதை மட்டும் கிளப்பில் சொல்லுங்கள்.

இன்னோர் ஓட்டையும் உண்டு. 2001 ஏப்ரல் 11இல் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரட்ஸ் சாக்கர் ஆட்டத்தில் 43 பேர் நெரிசலில் செத்த பிறகு வந்ததுதான் 2010ஆம் ஆண்டு விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம். ஆம்புலன்ஸ், வெளியேறும் வழி, பாதுகாப்பு ஆட்கள் எல்லாவற்றையும் அது கேட்கும். ஆனால் குறைந்தது 2000 பேர் கொள்ளும் இடமாக இருந்தால்தான் அது பொருந்தும். 14 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி எந்த ஊரில் அவ்வளவு பெரிய இடத்தில் நடக்கிறது? ஆக, பிள்ளைகள் ஆடும் இடத்தில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று வற்புறுத்த உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

---

ஃபீனிக்ஸ் அக்கா:

தங்கல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2020 ஜனவரியில் 13 வயதுப் பையன் ஒருவன் பள்ளி முகாமில் குரோக்கடைல் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். லைஃப் ஜாக்கெட் கொடுக்கவில்லை. அவன் இல்லை என்பதே மறுநாள்தான் தெரிந்தது. குமாஸ்தா சொன்ன அதே பார்க்டவுன் பள்ளிதான். பெரிய பள்ளி, பெயர் பெற்ற பள்ளி. தலை எண்ண ஆள் இல்லை.

எனவே தவில்காரரே, பெயர்ப் பட்டியல் ஒன்று அச்சடித்து யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஏறும்போது, இறங்கும்போது, சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், தலையை மட்டும் எண்ணினால் போதாது. ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, பெற்றோர் நம்பர் இருக்கட்டும். ஆஸ்துமா பம்ப்பை வீட்டில் வைத்துவிட்டு வரும் பிள்ளை எப்போதும் ஒன்று இருக்கும். போட்டி நடக்கும் இடத்தின் சரியான முகவரியும் அதே தாளில் இருக்கட்டும். 10177க்கு ஆம்புலன்ஸ் கேட்டுவிட்டு "அந்தப் பெரிய மரத்துப் பக்கம் மைதானம்" என்று சொல்லிப் பயனில்லை. பிள்ளைக்கே பேச வேண்டும் என்றால் சைல்டுலைன் 116, காசு கிடையாது. அந்த நம்பரை உடை மாற்றும் அறையில் ஒட்டச் சொல்லுங்கள்.

---

மைதான மாமா:

எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பலை. கோல் போட்ட பிள்ளை ஓடி வந்து கட்டிப் பிடிக்குது. தோத்த பிள்ளை தோள்ல சாஞ்சு அழுவுது. அதைத் தள்ளிவிட்டு "ரூல்ஸ்"னு சொல்ல என்னால ஆகாது.

---

கேப்டவுன் பிசியோ:

ஆர் தள்ளச் சொன்னது? எல்லாற்றை கண்ணுக்கு முன்னால, பிள்ளையாத் தேடி வந்தால் அணைச்சுக் கொள்ளுங்கோ. கால் பிடிச்சிட்டுது என்டு பூட்டின அறைக்குள்ள நீங்கள் தனிய உருவி விடுறதுதான் கூடாது. நானே கதவைத் திறந்து வைச்சு, தாயையோ இன்னொரு ஆளையோ பக்கத்தில நிப்பாட்டித்தான் பிள்ளையளுக்குக் கை வைக்கிறனான். படிச்ச தொழில்காரனே அப்பிடி எண்டால் மற்றவை?

---

தவில்காரர் (சாட்ஸ்வொர்த்):

எல்லாருக்கும் நன்றி. நேத்து கிளப் கூட்டம். குமாஸ்தா சொன்ன மாதிரியே பேசினேன், "சந்தேகம்"ங்கிற வார்த்தையே வரலை. "உங்க மேல வீண்பழி வந்துடக் கூடாது"ன்னு ஆரம்பிச்சேன். கோச் உடனே சரின்னுட்டார். சொல்லப்போனா அவருக்கே நிம்மதி. முறுக்கிக்கிட்டது செயற்குழுதான்.

பக்கி இல்லை, பெத்தவங்க மூணு பேர் கார் எடுக்கறோம், நானும் ஒருத்தன். ரெண்டு அம்மாக்கள் கூட வந்து ஹால்ல தங்குறாங்க. பேர்ப்பட்டியல் தயார். பதிவேட்டுச் சான்றிதழ் "விசாரிக்கிறோம்"னு நிக்குது. எழுத்துல கேட்டிருக்கேன், தேதி போட்டு. தனிச் செய்தி அனுப்பக் கூடாதுங்கிறதை மட்டும் ஏத்துக்கலை. "பயிற்சி ரத்துன்னு பிள்ளைக்குச் சொல்லக் கூடாதா?"ன்னு ஒரே வாதம். குழுவுல சொல்லுங்கன்னேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிட்டாங்க. மாமனார் என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார், வாயே திறக்கலை. எதிர்த்தும் பேசலை.

---

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:

நல்ல தொடக்கம். ஒரு கேள்வி: அதே போட்டிக்கு உங்கள் கிளப்பின் பையன்கள் அணி போகிறதா? அவர்களுக்கு யார் துணை? காலன் ரெக்ஸ் வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் பையன்கள். இந்த இழையில் இவ்வளவு நேரம் ஒருவரும் அவர்களைப் பற்றிக் கேட்கவில்லை.

---

தவில்காரர் (சாட்ஸ்வொர்த்):

போகுது. 13 வயசுக்குக் கீழ ஒரு டீம். கூடப் போறது ஒரே ஒருத்தர்தான். இப்பவே பசங்களோட அப்பாங்க குழுவுல போடுறேன்.

---

டோங்காட் ஆயா:

போடு. பதில் வராவிட்டால் என்னைச் சேர்த்துவிடு அந்தக் குழுவில்.